ரத்தப் பையில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ்’ என்று ஒட்டுகிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

நீங்கள் கேட்டது இதுதான். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். பையின் லேபிளில் எச்.ஐ.வி., எச்.சி.வி. என்ற வரிசையில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ்’ என்று அச்சாகியிருந்தது. அம்மாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. 1976-இல் அவருடைய அண்ணனுக்கு விபத்தில் கால் நசுங்கி ரத்தம் ஏற்றியதையும், வீடு திரும்பிய மூன்றாம் மாதம் கண்ணெல்லாம் மஞ்சளாகி அவர் படுத்துவிட்டதையும் சொல்லிச் சொல்லிப் பயப்படுகிறார். அது வெறும் பயமா? உண்மையென்றால் அந்த ஆபத்து எப்படிக் குறைந்தது?

இருபத்தைந்து வருடம் பிளட் பேங்கில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் நோய் வைரஸின் அடையாளம் அந்த ரத்தத்தில் தென்படவில்லை என்பதுதான் அந்த லேபிளின் அர்த்தம். உங்கள் மாமாவுக்கு வந்த காமாலை அந்த ரத்தத்தோடு வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாம் மாதம் என்கிறீர்களே, அந்தக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்குள் போனால் ஒன்றரை மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தன்னைக் காட்டும். இந்த இடைவெளிதான் டாக்டர்களை ரொம்ப காலம் ஏமாற்றியது. நோயாளி தையல் பிரித்து, வீட்டுக்குப் போய், வேலைக்கும் திரும்பியிருப்பார். அதற்கப்புறம் வரும் காமாலையை எந்த டாக்டர் பழைய ரத்தப் பையோடு முடிச்சுப் போடுவார்?

ஆனாலும் சிலர் போட்டார்கள். 1943-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் பால் பீசன் என்ற டாக்டர், ரத்தமோ அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவோ ஏற்றிக்கொண்ட ஏழு பேருக்கு ஒன்று முதல் நான்கு மாதத்துக்குள் காமாலை வந்ததைக் குறித்து எழுதினார். அதற்கு முந்தைய வருடம்தான் அமெரிக்க ராணுவத்தில் பெரிய விபரீதம் நடந்து முடிந்திருந்தது. மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசி கெட்டுப்போகாமல் இருக்க மனித சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை, கலந்திருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்ட சிப்பாய்களில் சுமார் 50,000 பேர் காமாலையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆக, மனித ரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று கல்லீரலைப் பிடிக்கிறது என்பது அப்போதே தெரியும். 1947-இல் மெக்கல்லம் என்ற பிரிட்டிஷ் டாக்டர், சாப்பாடு தண்ணீர் வழியாகப் பரவுவதை ஏ என்றும், ரத்தம் வழியாகப் பரவுவதை பி என்றும் பிரித்துப் பெயர்கூட வைத்துவிட்டார். பெயர் இருந்தது, வைரஸ் கையில் சிக்கவில்லை. சோதனைக் குழாயில் வளர மறுத்தது, மைக்ராஸ்கோப்பில் தெரியவில்லை. இரண்டு பை ரத்தத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எதில் அது இருக்கிறது என்று சொல்ல வழியே இல்லை.

அந்த வழியைக் கண்டுபிடித்தவர் ஹெபடைடிஸைத் தேடவே இல்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது.

பாருக் புளூம்பெர்க், 1925-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தபோது தென்னமெரிக்காவின் சுரினாமில் மோயங்கோ என்ற சுரங்க ஊரில் சில மாதம் இருந்தார். அங்கே ஆப்பிரிக்க வழியினர், ஜாவாக்காரர்கள், இந்தியாவிலிருந்து கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள், சீனர்கள் என்று பலரும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள். கொசு எல்லோரையும்தான் கடித்தது. யானைக்கால் நோய் மட்டும் சிலரை அதிகமாகப் பிடித்தது, சிலரை விட்டுவைத்தது. ஏன்? இந்த ஒரு கேள்வியைத்தான் அவர் பிறகு வாழ்நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரிந்தார். மனிதர்களின் ரத்தத்தில் உள்ள புரதங்கள் ஆளுக்கு ஆள் சிறிது மாறுகின்றன, அந்த மாற்றத்தில் விடை இருக்கலாம் என்று அவர் நினைத்தார்.

மாறுபாட்டைப் பிடிக்க அவர் போட்ட கணக்கு கெட்டிக்காரத்தனமானது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவர் உடம்பில் என்ன நடக்கும்? அந்நியர்களின் புரதம் பலமுறை உள்ளே வரும். தன்னிடம் இல்லாத வகை வந்தால் உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் புரதத்தை உண்டாக்கும். அப்படியானால் ரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோயால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிறவரின் சீரமே ஒரு பரிசோதனைக் கருவி. அதை உலகம் முழுக்கச் சேகரித்த சீரங்களோடு மோதவிட்டால், புதுப்புது வகைப் புரதங்கள் வெளியே வரும்.

மோதவிட்ட முறையையும் சொல்லிவிடுகிறேன். நோன்புக் காலத்தில் கடல்பாசி காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவைப்பார்களே, அதேதான் அகர். கண்ணாடித் தகட்டில் மெல்லிய அகர் படலம். நடுவில் ஒரு குழி, சுற்றிலும் ஆறு குழிகள். நடுக்குழியில் ஹீமோபிலியாக்காரரின் சீரம், சுற்றுக் குழிகளில் ஆளுக்கொரு சீரம். ஒவ்வொன்றும் அகருக்குள் மெல்லக் கசிந்து பரவும். ஆன்டிபாடியும் அதற்கு ஜோடியான ஆன்டிஜென் என்னும் பொருளும் எதிரெதிரே வந்து சந்திக்கும் இடத்தில், பாலில் தோய்த்த நூலை வைத்ததுபோல ஒரு வெள்ளைக் கோடு விழும். ஜோடி இல்லையென்றால் கோடும் இல்லை. ஸ்வீடன்காரர் ஒருவர் கண்டுபிடித்த முறை. இயந்திரம் எதுவும் வேண்டாம், நல்ல கண்ணும் பொறுமையும் போதும்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் புளூம்பெர்க் இதைச் செய்துகொண்டிருந்தபோது, அதே வளாகத்தின் பிளட் பேங்கில் ஹார்வி ஆல்ட்டர் என்ற இளம் டாக்டர் இருந்தார். ரத்தம் ஏற்றியதும் சிலருக்கு வரும் குளிர் நடுக்கத்துக்குக் காரணம் தேடியவர். இருவரும் சேர்ந்துகொண்டார்கள். 1963-இல் ஒரு நாள், நியூயார்க் ஹீமோபிலியா நோயாளி ஒருவரின் சீரத்தை 24 சீரங்களோடு வைத்துப் பார்த்தபோது ஒரே ஒரு கோடு விழுந்தது. எதிர்ப்பக்கத்துச் சீரம் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவருடையது. அதுவரை அவர்கள் பார்த்த கோடுகளெல்லாம் கொழுப்போடு சேர்ந்த புரதங்களால் விழுந்தவை. கொழுப்புக்கான சாயத்தைப் போட்டால் நன்றாக ஏறும். இந்தக் கோட்டில் அது சரியாக ஏறவில்லை. புரதத்துக்கான அசோகார்மைன் சாயம் போட்டதும் செக்கச்செவேலென்று சிவந்தது. அதனால் ‘சிவப்பு ஆன்டிஜென்’ என்று வைக்கலாம் என்றார் ஆல்ட்டர். புளூம்பெர்க்கோ ஊர்ப் பெயரே இருக்கட்டும் என்று ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என வைத்தார். இன்று உங்கள் அப்பாவின் பையில் ‘எச்.பி.எஸ்.ஏ.ஜி.’ என்று எழுதியிருப்பது இதே பொருள்தான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

நியூயார்க்கில் ஒருவர், உலகத்தின் மறுகோடியில் ஒருவர். இருவரும் சந்தித்திருக்கவே முடியாது. பிறகு எப்படி ஜோடி சேர்ந்தது? இன்று நமக்குச் சுலபமாகத் தெரிகிறது. ஹீமோபிலியாக்காரருக்கு ஏற்றிய எத்தனையோ பைகளில் ஏதோ ஒன்றில் வைரஸ் இருந்திருக்கிறது. அவர் உடம்பு அதை வென்று ஆன்டிபாடியைச் சேர்த்து வைத்திருந்தது. ஆஸ்திரேலியரின் ரத்தத்தில் அதே வைரஸ் குடியிருந்தது. 1963-இல் இது யாருக்கும் தோன்றவில்லை. புளூம்பெர்க்குக்கும்தான். அவர் அதைப் பரம்பரையாக வரும் ஒரு புரத வகை என்றே நினைத்தார்.

அப்புறம் ஆயிரக்கணக்கான சீரங்களைப் பார்த்தார்கள். ஆரோக்கியமான அமெரிக்கர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. ஆசியாவின் சில பகுதிகளிலும் வெப்பமண்டல நாடுகளிலும் நிறையப் பேருக்கு இருந்தது. லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு இருந்தது. 1965-இல் வெளியான முதல் கட்டுரையின் தலைப்பிலேயே லுகேமியா இருக்கும், ஹெபடைடிஸ் இருக்காது. இந்தப் புரதம் இருப்பவர்களுக்கு லுகேமியா வரும் வாய்ப்பு அதிகமோ என்று நினைத்து, அடுத்த படியாக டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களைப் பார்த்தார்கள், அவர்களுக்கு லுகேமியா அதிகம் வரும் என்பதால். அங்கேயும் நிறையப் பேருக்கு இருந்தது. கருதுகோள் சரிதான் போலிருக்கிறது என்று தோன்றியிருக்கும். உண்மையில் காரணமே வேறு. லுகேமியாக்காரர்கள் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளில் பலர் பெரிய விடுதிகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள். வைரஸ் பரவ அது போதும்.

தப்பான பாதையிலேயே போயிருப்பார்கள், 1966-இல் ஒரு நோயாளி குறுக்கே வராமல் இருந்திருந்தால். புளூம்பெர்க் அப்போது பிலடெல்பியாவில் ஒரு புற்றுநோய் ஆய்வு நிலையத்துக்கு மாறியிருந்தார். டவுன் சின்ட்ரோம் உள்ள ஒருவருக்கு முதல் முறை பார்த்தபோது ஆன்டிஜென் இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் இருக்கிறது! பிறவியிலேயே வருகிற புரதம் திடீரென்று எப்படி முளைக்கும்? ஆளை ஆஸ்பத்திரியில் சேர்த்து எல்லாச் சோதனையும் செய்தார்கள். கல்லீரல் சோதனைகளில் எண்கள் ஏறியிருந்தன. அவருக்கு ஹெபடைடிஸ் வந்திருந்தது.

அடுத்த வருடம் அந்த ஆய்வகத்திலேயே ஒரு சம்பவம். பார்பரா வெர்னர் என்ற டெக்னீஷியன், இந்த ஆன்டிஜெனைப் பிரித்தெடுக்கும் வேலையில் இருந்தவர். உடம்பு அசதியாக இருந்தது. அவருக்கு ஒரு சந்தேகம் வந்து, தன்னுடைய ரத்தத்தையே எடுத்து அகர் தகட்டில் வைத்தார். மங்கலாக ஒரு கோடு. கொஞ்ச நாளில் காமாலையும் வந்தது. பிறகு முழுசாகக் குணமாகிவிட்டார். காமாலை வருமுன்பே இந்தச் சோதனையால் ஹெபடைடிஸைக் கண்டுகொண்ட முதல் ஆள் அவர்தான். தினமும் மற்றவர் சீரத்தில் தேடிய கோட்டைத் தன் சீரத்தில் பார்த்த அந்தக் காலை எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் வேலையில் கையுறை கிழிந்த ஒவ்வொரு நாளும் அந்த நினைப்பு வரும்.

1967-இல் ஹெபடைடிஸோடு தொடர்பு இருக்கிறது என்று எழுதினார்கள். முதலில் அனுப்பிய இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. ஹெபடைடிஸ் வைரஸைப் பிடித்துவிட்டேன் என்று அதற்கு முன்னால் எத்தனையோ பேர் சொல்லி ஏமாற்றியிருந்தார்கள், அந்த அலுப்பு. புளூம்பெர்க் வைரஸ் ஆராய்ச்சிக்காரரும் இல்லை. மற்றவர்கள் வந்து உறுதிப்படுத்திய பிறகுதான் உலகம் நம்பியது. நியூயார்க் ரத்த மையத்தில் ஆல்பிரட் பிரின்ஸ், ரத்தம் ஏற்றியவர்களின் சீரத்தை முன்கூட்டியே சேமித்து வைத்து, காமாலை வருவதற்கு முன்பே அதில் ஒரு ஆன்டிஜென் தென்படுவதைக் காட்டினார். அதுவும் ஆஸ்திரேலியா ஆன்டிஜெனும் ஒன்றே என்று சீக்கிரமே தெரிந்தது.

இன்னொருவர் டோக்கியோவின் கசுவோ ஒகோச்சி. அவருடைய பெயரை நம் பாடப்புத்தகங்களில் தேடினாலும் கிடைக்காது, எனக்கு அது ஒரு குறை. அவர் எந்த ஊரிலிருந்து பேசினார் என்பதையும் பார்க்க வேண்டும். 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானில் ரத்தம் என்பது காசுக்கு விற்கும் பொருள். கூலி வேலை கிடைக்காதவர்கள் மாதத்துக்குப் பலமுறை விற்பார்கள். சிவப்பணு ஊறவே நேரமில்லாமல் ரத்தம் வெளுத்து, பிளாஸ்மாவின் மஞ்சள்தான் தூக்கலாகத் தெரியும். ‘மஞ்சள் ரத்தம்’ என்றே ஜனங்கள் அதைச் சொன்னார்கள். 1964 மார்ச்சில் டோக்கியோவில் அமெரிக்கத் தூதர் எட்வின் ரெய்ஷாவரை ஓர் இளைஞன் தொடையில் குத்திவிட்டான். ரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். அந்த ரத்தமே அவருக்கு ஹெபடைடிஸைக் கொடுத்தது. நாட்டுக்கே தலைகுனிவாகிவிட்டது. அந்த வருடமே ஜப்பான் அரசு ரத்த விற்பனையிலிருந்து தானத்துக்கு மாறும் முடிவை எடுத்தது. இந்தப் பின்னணியில் வேலை செய்த ஒகோச்சி, ஆஸ்திரேலியா ஆன்டிஜென் உள்ள பை யாருக்கு ஏறியது, இல்லாத பை யாருக்கு ஏறியது என்று ஆள் ஆளாகப் பின்தொடர்ந்து பார்த்தார். ஆன்டிஜென் உள்ள பையை வாங்கியவர்களுக்கு ஹெபடைடிஸ் வந்தது தெளிவாகவே அதிகம். நோயாளியிடம் கோடு விழுகிறது என்பது வேறு, அந்தக் கோடு விழும் பை நோயை ஏற்றிவிடுகிறது என்பது வேறு. இரண்டாவதைக் கேட்டதும்தான் பிலடெல்பியாவில் பாசிட்டிவ் பைகளை ஒதுக்கிவைத்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி உங்களுக்கு வரலாம். வைரஸ் மைக்ராஸ்கோப்பிலேயே தெரியாத அளவு சின்னது, அதை எப்படி வெறும் கடல்பாசித் தகட்டில் பார்க்க முடிந்தது? பார்த்தது முழு வைரஸை அல்ல. இந்த வைரஸ் ஒரு விசித்திரமான தையல்காரர். ஓர் ஆளுக்கு ஒரு சட்டை தைத்தால் போதாதா? ஆளில்லாத சட்டைகளையும் ஆயிரக்கணக்கில் தைத்து ரத்தத்தில் கொட்டுகிறது. உள்ளே மரபணு இல்லாத வெற்று மேலுறைகள், 22 நானோமீட்டர் அளவில் சின்ன உருண்டைகளாகவும் நீளக் குச்சிகளாகவும் மிதக்கின்றன. அவை அவ்வளவு அதிகமாக இருப்பதால்தான் கண்ணுக்குத் தெரியும் கோடு விழுந்தது. மேலுறை என்பதால்தான் பின்னாளில் ‘மேற்பரப்பு ஆன்டிஜென்’ என்று பெயர் மாறியது. உங்கள் லேபிளில் உள்ள அந்த ‘எஸ்’ அதுதான். சட்டைக்குள் ஆள் இருக்கும் முழு வைரஸை, 42 நானோமீட்டர் அளவில், 1970-இல் லண்டனில் டேவிட் டேன் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்தார்.

சரி, ஆன்டிஜென் கிடைத்துவிட்டது, சோதனை வந்துவிட்டது, ஆபத்து போய்விட்டது என்று கதையை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலில், அந்த அகர் சோதனை மெதுவானது. கோடு விழ ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு பை ரத்தத்தின் ஆயுளே மூன்று வாரம். ஆன்டிஜென் குறைவாக இருந்தால் கோடே விழாது, வைரஸ் உள்ள பை தப்பித்துவிடும். பிறகு மின்சாரம் பாய்ச்சி இரண்டு பக்கத்தையும் சீக்கிரம் சந்திக்கவைக்கும் முறை வந்தது, ஓரிரு மணி நேரத்தில் விடை. அமெரிக்காவில் எல்லாப் பைகளுக்கும் சோதனை கட்டாயமானது 1972-இல். அதற்குப் பின் வந்த கதிரியக்க முறையில், அயோடின்-125 ஒட்டிய ஆன்டிபாடியைப் பயன்படுத்தி, அகரில் கண்ணுக்கே தெரியாத அளவையும் கண்டார்கள்.

இரண்டாவது விஷயம்தான் பெரிது. ஆல்ட்டர் வேலை பார்த்த அதே தேசிய சுகாதார நிறுவனத்தில், 1960-களில் திறந்த இதய அறுவை செய்துகொண்டவர்களை வாராவாரம் ரத்தம் எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு ஹெபடைடிஸ். பலருக்குக் கண் மஞ்சளாகவே இல்லை, கல்லீரல் எண்கள் மட்டும் ஏறின. பையைக் கொடுத்தவர் யார் என்று பிரித்துப் பார்த்தார்கள். காசு கொடுத்து வாங்கிய ரத்தம் ஏறியவர்களில் சரிபாதிப் பேருக்கு நோய், தானமாக வந்த ரத்தம் மட்டும் ஏறியவர்களுக்கு மிகவும் குறைவு. 1970-இல் அந்த பிளட் பேங்க் இரண்டு காரியத்தை ஏறத்தாழ ஒரே நேரத்தில் செய்தது. விலைக்கு ரத்தம் வாங்குவதை அடியோடு நிறுத்தியது. ஆஸ்திரேலியா ஆன்டிஜென் சோதனையைத் தொடங்கியது. மூன்றில் ஒருவருக்கு வந்த நோய் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. இதில் பெரும்பங்கு முதல் காரியத்துக்கு என்று ஆல்ட்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கோட்டைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரே சோதனையைவிடத் தானத்துக்கு அதிக மதிப்பெண் கொடுக்கிறார்.

நம் ஊரில் இந்தப் பாடம் தாமதமாக வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ரத்தம் விற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். கைமடிப்பில் ஊசி குத்திக் குத்தித் தோல் தடித்திருக்கும், கேட்டால் ‘தம்பிக்காகக் கொடுத்தேன்’ என்பார்கள். உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லி, அதன்படி 1998 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடையானது. உங்கள் மாமாவுக்கு ஏறிய 1976-இன் பை எப்படிப்பட்டதாக இருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அந்த மீதிப் பத்தில் ஒருவர் கதையும் இருக்கிறது. சோதனையில் நெகட்டிவ், தானம் கொடுத்த ரத்தம், இருந்தும் நோய் வருகிறது. பி இல்லையென்றால் ஏ-ஆக இருக்குமோ? 1973-இல் ஏ வைரஸும் பிடிபட்டது. 1975-இல் சேமித்த சீரங்களைத் தேடிப் பார்த்தார்கள். ஏ-உம் இல்லை. ‘ஏ அல்லாத, பி அல்லாத’ என்று ஒரு பெயரை வைத்துவிட்டுப் பதினான்கு வருடம் காத்திருந்தார்கள். சி என்று பெயர் வைக்கவும் துணியவில்லை, ஒன்றா இரண்டா என்றே தெரியாதே. 1989-இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் மரபணுத் துண்டிலிருந்து சி வைரஸைப் பிடித்தார்கள், அடுத்த வருடமே சோதனை வந்தது. புளூம்பெர்க்குக்கு நோபல் 1976-இல். ஆல்ட்டருக்கு, சி வைரஸ் வேலைக்காக, ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகியோரோடு 2020-இல். ஒரே கோட்டைப் பார்த்த இருவருக்கும் இடையே 44 வருடம். பி என்று தெளிவாகப் பிரித்து ஒதுக்க ஒரு சோதனை இல்லாமலிருந்தால், மிச்சம் ஒன்று இருக்கிறது என்பதே யாருக்கும் புரிந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதே வெற்றுச் சட்டைகளிலிருந்துதான் தடுப்பூசியும் வந்தது. நோய் தராது, ஆனால் உடம்புக்கு அடையாளம் காட்டும், வேறென்ன வேண்டும்? புளூம்பெர்க்கும் இர்விங் மில்மனும் 1969-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1981-இல் ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஊசி, 1986-இல் ஈஸ்டில் வளர்த்த ஊசி. இப்போது குழந்தை பிறந்தவுடன் போடுவது இரண்டாவது வகை.

புளூம்பெர்க் பெயரோடு நம் ஊருக்கு நேரடியாக ஒரு தொடர்பும் உண்டு. காமாலை என்றால் நம் வீடுகளில் முதலில் வருவது கீழாநெல்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் புளூம்பெர்க்கோடு சேர்ந்து 1988-இல் ‘லான்செட்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஹெபடைடிஸ் பி-ஐ நீண்ட நாளாகச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்துப் பார்த்ததில், 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது. வெறும் பொடி கொடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. வேறு நாடுகளில் திரும்பச் செய்தபோது அதே பலன் வரவில்லை. ஆகவே இதை மருந்தாக நம்பிச் சிகிச்சையை விடாதீர்கள். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். கீழாநெல்லி குடித்தவர் குணமானதும் பெயர் அதற்குப் போய்விடுகிறது. சோதனை இருந்ததால்தான் மூலிகையைப் பற்றிக் கேள்வியாவது ஒழுங்காகக் கேட்க முடிந்தது.

இப்போது உங்கள் அப்பாவின் பைக்கு வருவோம். கொடையாளரிடம் ரத்தம் எடுக்கும்போதே சின்னக் குழாய்களில் தனியாகக் கொஞ்சம் எடுத்துவிடுவோம். பை ‘தீர்ப்பு வராதது’ என்று தனிக் குளிர்பெட்டிக்குப் போகும். குழாய் எலைசாவுக்கு வரும். 96 சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு, ஒவ்வொரு குழிக்கும் அடியில் ஆன்டிபாடி பூசியிருக்கும். மேலுறை இருந்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் கழுவும்போது போய்விடும். கடைசிச் சொட்டு போட்டால் பாசிட்டிவ் குழி நீலமாகும். நிறுத்துவதற்கு அமிலம் விட்டதும் நீலம் போய் மஞ்சளாகும். காமாலைக்காரரின் கண் நிறம். தட்டு முழுக்கத் தண்ணீராக இருக்க ஒரு குழி மட்டும் மஞ்சளாகத் தெரியும்போது, இத்தனை வருடம் ஆகியும் எனக்கு ஒரு திடுக்கிடல் வரும். ஏனென்றால் அந்தக் குழிக்குப் பின்னால், பிஸ்கட்டும் டீயும் வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டு போன ஒருவர் இருக்கிறார். அவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பெரும்பாலும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்வதுதான் எங்கள் வேலையிலேயே கஷ்டமானது. பையை அழித்துவிடுவோம். அவருக்கு டாக்டரைக் காட்டி, வீட்டில் உள்ளவர்களுக்குச் சோதனையும் ஊசியும் போடச் சொல்வோம்.

நெகட்டிவ் என்றால் நூறு சதவீதம் பத்திரமா? இல்லை. தொற்றிய முதல் சில வாரங்களில் மேலுறை சோதனைக்கு எட்டும் அளவு சேர்ந்திருக்காது. சிலருக்கு மேலுறை மறைந்தும் வைரஸின் மரபணு கொஞ்சம் ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்க ‘நாட்’ என்ற மரபணுச் சோதனை இருக்கிறது. இந்தியாவில் சட்டப்படி கட்டாயமானவை எச்.ஐ.வி., பி, சி, சிபிலிஸ், மலேரியா என்ற ஐந்துதான். ‘நாட்’ எல்லா பிளட் பேங்கிலும் செய்வதில்லை. திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. அப்பாவுக்கு ஏறியாகிவிட்டது, மிச்சமிருக்கும் ஆபத்து மிகச் சிறியது. அம்மா மனம் அமைதியாக வேண்டுமென்றால் ஆறு மாதம் கழித்து ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நான் யோசிப்பது உங்கள் மாமாவைப் பற்றித்தான். 1976-இல் வந்தது பி-ஆக இருந்தால், அந்த வயதில் பெரும்பாலோருக்கு அது அப்போதே தீர்ந்திருக்கும். சி-ஆக இருந்தால் அப்படி இல்லை. அது பலருக்குப் போகாமல் உள்ளேயே இருந்து, சத்தமில்லாமல் இருபது முப்பது வருடத்தில் கல்லீரலைச் சுருக்கிவிடும். இந்தியாவில் ரத்தப் பைகளுக்கு சி சோதனை கட்டாயமானதே 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகுதான். இன்று சி-க்கு மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் முழுக் குணம். மாமா நடமாடிக்கொண்டிருந்தால், ஏதாவது ஒரு பரிசோதனைக் கூடத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி.யோடு, சி-க்கான சோதனையான ஆன்டி-எச்.சி.வி.யும் எழுதிக் கொடுத்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். வெறும் வயிறு வேண்டியதில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம்.